கல்லறையில் ஒரு நட்சத்திரம்... அரசோடு மல்லுக்கட்டிய ராணுவ வீரரின் மனைவி!

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஃபெர்ன்லி என்றொரு சிற்றூர். சுற்றிலும் வறண்ட பாலை. அங்கே ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்காக மாநில அரசு நடத்தும் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நினைவுச் சுவரில், போரில் உயிரிழந்தவர்களின் பெயர் பொறித்த தகடுகளைப் பதித்திருக்கிறார்கள்.

2006-ம் ஆண்டில் அந்தச் சுவரில் ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. சார்ஜென்ட் பேட்ரிக் ஸ்டீவர்ட்டுக்கான இடம் அது. அவரோடு அதே ஹெலிகாப்டரில் இறந்த சக வீரரின் தகடு சுவரில் ஏறிவிட்டது. பேட்ரிக்கின் பெயர் மட்டும் ஏறவில்லை.

அவருடைய வீரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கான பதக்கங்களை அதே ராணுவம்தான் வழங்கியிருந்தது. சிக்கல் ஒரு சின்னத்தில் இருந்தது. வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம். தன் கணவரின் பெயரோடு அந்தச் சின்னமும் இருக்க வேண்டும் என்றார் மனைவி ரோபர்ட்டா. 'பரிசீலனையில் இருக்கிறது' என்றது மத்திய அரசு. பரிசீலனை முடியவே இல்லை.

சின்னம் இல்லாமல் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளலாமே என்ற வழி அவருக்கு இருந்தது. ரோபர்ட்டா மறுத்துவிட்டார். பக்கத்துத் தகடுகளில் சிலுவை இருக்கலாம். தன் கணவர் நம்பியது மட்டும் ஏன் இருக்கக் கூடாது? உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னத்துக்காக அவர் நடத்திய போராட்டம், 'அரசுக்கும் மதத்துக்கும் நடுவே கோடு எங்கே?' என்ற பெரிய கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது.

கழுத்தில் இருந்த மதம்

பேட்ரிக் ஸ்டீவர்ட், நெவாடா தேசியக் காவல்படையைச் சேர்ந்தவர். 1991 வளைகுடாப் போர்க் காலத்திலும் ராணுவத்தில் பணியாற்றியவர். 2005 செப்டம்பர் 25 அன்று, ஆப்கானிஸ்தானில் அவர் பறந்துகொண்டிருந்த சினூக் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். பேட்ரிக்குக்கு வயது 34.

ராணுவ வீரர்கள் கழுத்தில் ஓர் உலோகத் தகடு தொங்கும். பெயர், ரத்த வகை ஆகியவற்றோடு, விரும்பினால் மதத்தையும் அதில் பொறித்துக்கொள்ளலாம். இறந்தால் எந்த முறைப்படி இறுதிச் சடங்கு செய்வது என்று தெரிய வேண்டுமே! பேட்ரிக்கின் தகட்டில் 'விக்கா' என்று இருந்தது.

விக்கா என்பது 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற ஒரு மதம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளால் ஈர்க்கப்பட்டது. இயற்கையையும் பருவ மாற்றங்களையும் போற்றுபவர்கள் இவர்கள். அவர்களின் சின்னம்தான் அந்த நட்சத்திரம். அதன் ஐந்து முனைகளும் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆன்மா ஆகியவற்றைக் குறிப்பதாகச் சொல்வார்கள். பஞ்சபூதங்களை அறிந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

ஆனால், அமெரிக்காவில் பலருக்கு அந்தச் சின்னத்தைப் பார்த்தாலே ஒருவித பயம். விக்கா மதத்தினரில் பலர் தங்களைச் 'சூனியக்காரர்' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைத்துக்கொள்கிறார்கள். ஹாலிவுட் பேய்ப் படங்களில் அதே நட்சத்திரத்தைச் சாத்தானோடு சேர்த்துக் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள்.

சட்டம் இந்த பயத்தைப் பொருட்படுத்தவில்லை. விக்கா ஒரு மதம்தான் என்று 1986-லேயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது. ராணுவமும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. 2005-ம் ஆண்டுக் கணக்குப்படி, பணியில் இருந்தவர்களில் 1,800-க்கும் மேற்பட்டோர் தங்கள் மதம் விக்கா என்று பதிவு செய்திருந்தார்கள்.

உயிரோடு இருக்கும்போது ராணுவம் ஏற்றுக்கொண்ட மதம், இறந்த பிறகு கல்லில் ஏற முடியாமல் நின்றது.

அரசு தரும் கல்

ராணுவத்தில் பணியாற்றி இறந்தவர்களுக்கு அமெரிக்க அரசே கல்லறைக் கல் தருகிறது. நட்டுவைக்கும் பளிங்குக் கல்லாக இருந்தால், 42 அங்குல உயரம், 13 அங்குல அகலம், 4 அங்குல கனம். தளபதிக்கும் அதே அளவுதான், சிப்பாய்க்கும் அதே அளவுதான். கல்லின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு மதச் சின்னம் பொறித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். முடிவு குடும்பத்தினருடையது.

இந்தச் சின்னம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு புதிய வடிவக் கல் வந்தபோதுதான் அனுமதித்தார்கள். அப்போது இரண்டே தேர்வுகள். கிறிஸ்தவர்களுக்குச் சிலுவை, யூதர்களுக்கு தாவீதின் நட்சத்திரம். 1951-ல் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் சேர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பட்டியல் வளர்ந்தது. இஸ்லாமியப் பிறை, பஹாய் மதத்தின் ஒன்பதுமுனை நட்சத்திரம், சீக்கியர்களின் கண்டா என வந்துகொண்டே இருந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக்கூட அணுவின் வடிவத்தில் ஒரு சின்னம் கிடைத்தது. ரோபர்ட்டா விண்ணப்பித்த சமயத்தில் பட்டியலில் 38 சின்னங்கள் இருந்தன. விக்காவின் நட்சத்திரம் அதில் இல்லை.

அவர் ஒன்றும் முதல் ஆள் அல்ல. விக்கா அமைப்புகள் ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக முன்னாள் படைவீரர் நலத்துறையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒருமுறை விதி திருத்தப்படுகிறது என்றார்கள். இன்னொருமுறை கூடுதல் ஆவணம் கேட்டார்கள். இடையில் வேறு சில குழுக்களின் சின்னங்களுக்கு அனுமதி கிடைத்தது. இவர்களின் கோப்பு மட்டும் நகரவில்லை.

விதிகளில் ஒன்று விசித்திரமானது. சின்னம் கேட்கும் மதத்தின் தலைமையிடமிருந்து சான்றுக் கடிதம் வேண்டும். விக்காவுக்கு ஒரே தலைவரோ, தலைமைப் பீடமோ கிடையாது. சிறு சிறு குழுக்களாகத் தனித்தனியே வழிபடுபவர்கள் அவர்கள். யாரிடம் போய்க் கடிதம் வாங்குவது?

இந்து மதத்தில் பிறந்த ஒருவரிடம், 'உங்கள் மதத்தின் உலகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்' என்று ஓர் அலுவலகம் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒருவர் நம்மிடமும் இல்லை. எல்லா மதங்களும் ஒரு திருச்சபை போலத்தான் இயங்கும் என்று நினைத்து எழுதிய விதி அது. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால், ஒதுக்கிவிட்டது.

தனியாக ஓர் அஞ்சலி

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள். 2006-ல் அந்த நாளில் ஃபெர்ன்லியில் அரசு விழா நடந்தது. ரோபர்ட்டா தனியாக ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார். தன் கணவரை ஏற்காத சுவருக்கு முன்னால் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

செய்தி நாடு முழுக்கப் பரவியது. விக்கா என்றால் என்னவென்றே தெரியாதவர்களும், கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊறியவர்களும்கூட அவருக்காகப் பேசினார்கள். 'நாட்டுக்காகச் செத்தவரின் கல்லில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர் குடும்பம் சொல்லட்டும்' என்ற எளிய நியாயம் அவர்களுக்குப் புரிந்தது.

முதலில் இறங்கிவந்தது மாநில அரசு. கல்லறைத் தோட்டம் நெவாடா மாநிலத்தின் பொறுப்பில் இருப்பதால், நினைவுத் தகட்டுக்கு மத்திய அரசின் அனுமதி தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆளுநர் கென்னி குவின்னும் ஆதரவாக இருந்தார். 2006 டிசம்பரில், நட்சத்திரம் பொறித்த தகடு சுவரில் ஏறியது. காலியிடம் நிரம்பியது.

ரோபர்ட்டா அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால், மத்திய அரசின் பட்டியல் அப்படியே இருந்தது. இன்னொரு வீரரின் மனைவி நாளைக்கு இதே வாசலில் வந்து நிற்பார். முந்தைய மாதமே விக்கா அமைப்பான 'சர்க்கிள் சாங்க்சுவரி'யோடு சேர்ந்து அவரும் தொடுத்திருந்த வழக்கை அவர் கைவிடவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் அந்த வழக்கை நடத்தியது, அரசும் மதமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக வாதாடிவரும் ஓர் அமைப்பு. அதன் தலைவராக அப்போது இருந்த பேரி லின், வழக்கறிஞர் மட்டுமல்ல. ஒரு கிறிஸ்தவப் போதகரும்கூட!

வழக்கில் ஒரு பழைய பேட்டி பேசுபொருளானது. ஜார்ஜ் புஷ், டெக்சாஸ் மாநில ஆளுநராக இருந்த 1999-ல், சூனிய வழிபாட்டைத் தான் ஒரு மதமாகக் கருதவில்லை என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். 2001-ல் அவர் அதிபரானார். அந்தப் பேட்டி அதிகாரிகளின் மனதில் இருந்ததற்கான தடயங்கள் அரசின் ஆவணங்களிலேயே இருக்கின்றன என்று ரோபர்ட்டா தரப்பு வழக்கறிஞர்கள் சொன்னார்கள்.

விசாரணை முழுதாக நடக்கவில்லை. 2007 ஏப்ரல் 23 அன்று அரசு சமரசத்துக்கு வந்தது. குடும்பங்களின் நலனுக்காகவும், மேற்கொண்டு வழக்குச் செலவைத் தவிர்க்கவும் இந்த முடிவு என்றது நலத்துறை. வழக்குச் செலவாக 2,25,000 டாலர் தரவும் ஒப்புக்கொண்டது. ஐந்துமுனை நட்சத்திரம் பட்டியலில் 39-வது சின்னமாகச் சேர்ந்தது. வெகுநாளாகக் காத்திருந்த மற்ற குடும்பங்களுக்கும் வழி திறந்தது. அதே ஆண்டு ஜூலையில், புகழ்பெற்ற ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற ஒருவரின் கல்லில் அந்தச் சின்னம் பொறிக்கப்பட்டது.

சுவர் எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழலாம். அரசும் மதமும் கலக்கக் கூடாது என்றால், அரசு தன் செலவில் தரும் கல்லில் மதச் சின்னமே இருக்கக் கூடாது அல்லவா? சிலுவை, பிறை, நட்சத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதானே முறை?

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-ல் நடைமுறைக்கு வந்தது. மதம் பற்றி அது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது. யாருடைய வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தடுக்கக் கூடாது. 1802-ல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், பாப்டிஸ்ட் சபையினர் சிலருக்கு எழுதிய கடிதத்தில், அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே ஒரு 'சுவர்' இருப்பதாகக் குறிப்பிட்டார். அந்த உவமை இன்றுவரை நீதிமன்றங்களில் ஒலிக்கிறது.

கல்லறைக் கல்லில் இந்த இரண்டு விதிகளும் சந்திக்கின்றன. கல் அரசுடையது. ஆனால், அதில் இருக்கும் சின்னம் அரசின் பேச்சு அல்ல. கீழே உறங்குபவரின் கடைசிப் பேச்சு. அவர் வாழ்ந்தபோது எதை நம்பினாரோ, அதை அவர் குடும்பத்தினர் சொல்கிறார்கள். அரசு அதைச் செதுக்கித் தருகிறது, அவ்வளவுதான். எந்த மதம் உண்மையான மதம், எது போலி என்று தரம்பிரிக்க உட்காரும்போதுதான் அரசு சுவரைத் தாண்டுகிறது. விக்கா விஷயத்தில் நடந்தது அதுதான்.

ஒரு தனி மனிதரின் கல்லில் இருக்கும் சிலுவைக்கும், எல்லோருக்குமாக அரசு எழுப்பும் சிலுவைக்கும் வித்தியாசம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், அரசு நிலத்தில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1934-ல் ஒரு சிலுவை நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர், தேசியப் பூங்காத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஃபிராங்க் புவோனோ. அவர் ஒரு கத்தோலிக்கர்! தன் மதச் சின்னத்தைத்தான் அரசு நிலத்திலிருந்து எடுக்கச் சொன்னார்.

2009-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கின் வாதம் நடந்தது. இறந்தவர்கள் உறங்கும் இடத்துக்குச் சிலுவைதானே மிகப் பொதுவான அடையாளம் என்று கேட்டார் நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா. புவோனோவின் வழக்கறிஞர் பதில் சொன்னார்: தான் யூதர்களின் கல்லறைத் தோட்டங்களுக்குப் போயிருப்பதாகவும், அங்கே எந்த யூதரின் கல்லிலும் சிலுவையைப் பார்த்ததில்லை என்றும். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனாலும், 2010-ல் வந்த தீர்ப்பு சிலுவையை உடனே அகற்றச் சொல்லவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது. கடைசியில் அந்தத் துண்டு நிலம் நிலமாற்றம் மூலம் தனியார் கைக்குப் போனது.

2019-ல் இதே கேள்வி மீண்டும் வந்தது. மேரிலாந்து மாநிலத்தின் பிளேடன்ஸ்பர்க்கில், முதல் உலகப் போரில் இறந்த 49 உள்ளூர்க்காரர்களின் நினைவாக 40 அடி உயரச் சிலுவை ஒன்று 1925 முதல் நிற்கிறது. பொது நிலத்தில் நிற்கும் அது தொடரலாமா? 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில், தொடரலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் அது வரலாற்றின் பகுதியாகிவிட்டது. இப்போது இடித்தால் அது மதத்தின் மீதான பகையாகத் தெரியும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் உடன்படவில்லை. கிறிஸ்தவ வீரர்களைக் கௌரவிக்க யூத நட்சத்திரம் பொருந்தாது என்றால், மற்ற மதத்தவரைக் கௌரவிக்கச் சிலுவை எப்படிப் பொருந்தும் என்று மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார்.

சிலுவை வேண்டாம் என்ற பிரிட்டன்... விதிவிலக்கு தந்த பிரான்ஸ்

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது அமெரிக்கா மட்டுமல்ல. முதல் உலகப் போரில் இறந்தவர்களைப் பராமரிக்க, 1917-ல் பிரிட்டன் ஒரு போர்க் கல்லறை ஆணையத்தை அமைத்தது. கிறிஸ்தவர், யூதர், இந்து, முஸ்லிம், சீக்கியர், எந்த மதமும் இல்லாதவர் எனப் பலரும் அந்தப் போரில் இறந்திருந்தார்கள். அதனால், எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல் என்று ஆணையம் முடிவு செய்தது. கல்லே சிலுவை வடிவத்தில் இருக்காது; மதச் சின்னம் கல்லின் மேல் பொறிக்கப்படும்.

இதற்கு பிரிட்டனில் கடும் எதிர்ப்பு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர், சிலுவையையே கல்லறையில் நட அனுமதி கேட்டார்கள். 8,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று தயாரானது. அதை முன்னின்று நடத்திய லேடி ஃபுளோரன்ஸ் செசில், போரில் மூன்று மகன்களை இழந்தவர். அவர் கோரிக்கையை மதவெறி என்று யாராவது ஒதுக்கிவிட முடியுமா? 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. லூஸ் போரில் ஒரே மகனை இழந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் ஆணையத்தின் பக்கம் நின்றார். இறுதியில் ஒரே வடிவக் கல் என்ற திட்டமே நிலைத்தது.

மதச்சார்பின்மையில் மிகக் கண்டிப்பான நாடு என்று பெயரெடுத்தது பிரான்ஸ். அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ம் ஆண்டுச் சட்டம், பொது இடங்களில் புதிதாக மதச் சின்னங்கள் வைப்பதைத் தடை செய்தது. அந்தச் சட்டமே கல்லறைகளுக்கு விலக்கு தந்தது! இன்று வெர்டன் அருகே டூமோன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், வரிசை வரிசையாகச் சிலுவைகளைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பிரான்ஸுக்காகப் போரிட்ட முஸ்லிம் வீரர்களின் கற்கள், மெக்காவை நோக்கி அமைந்திருக்கும். பொதுவெளியில் மதத்தை விலக்கி வைத்த நாடும், கல்லறை வாசலில் மட்டும் அந்தக் கண்டிப்பைக் கழற்றி வைத்துவிட்டது.

ஓர் எழுத்தை மறைத்தவர்கள்

தவறான சின்னம் என்றால் என்ன வலி என்பதை யூத வீரர்களின் குடும்பங்கள் சொல்லும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் கழுத்துத் தகட்டில் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், யூதர் என்பதைக் குறிக்க ஒற்றை எழுத்து இருக்கும். யூதர் என்று தெரிந்து நாஜிகளிடம் சிக்கினால் என்ன ஆகும்? அந்த பயத்தில் சிலர் அந்த எழுத்தே இல்லாத தகட்டோடு போர்முனைக்குப் போனார்கள்.

அவர்களில் இறந்தவர்கள் சிலர் சிலுவையின் கீழ் புதைக்கப்பட்டார்கள். வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டங்களில் அந்தக் காலக் கற்கள் சிலுவை வடிவத்திலோ, தாவீதின் நட்சத்திர வடிவத்திலோதான் இருக்கும். மதம் தெரியாதவர்களுக்கும் சிலுவைதான்.

'ஆபரேஷன் பெஞ்சமின்' என்ற அமைப்பு இப்போது இந்தத் தவறுகளைத் தேடித் திருத்துகிறது. ஊர்ப் பதிவுகளையும் குடும்ப ஆவணங்களையும் தோண்டித் துருவி, இறந்தவர் யூதர்தான் என்று நிரூபிக்கிறது. உறவினர்களின் சம்மதத்தோடு, அரசின் அனுமதியோடு, முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு சிலுவை அகற்றப்பட்டு நட்சத்திரம் நடப்படுகிறது. ஒரு கல் மாறுகிறது, அவ்வளவுதான். அதற்காகக் கடல் தாண்டி வந்து நிற்கிறார்கள் பேரப் பிள்ளைகள்.

நந்தம்பாக்கத்தில் ஓர் அமைதி

இதையெல்லாம் கண்ணால் பார்க்க அமெரிக்காவுக்கோ, பிரான்ஸுக்கோ போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் இருக்கிறது 'மெட்ராஸ் வார் செமட்ரி'. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல கல்லறைகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஓரிடத்தில் சேர்த்து, 1952-ல் உருவாக்கிய தோட்டம் அது. 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே உள்ளன. வாகன இரைச்சலுக்குப் பக்கத்தில் பச்சைப் புல்வெளி. அதில் ஒரே அளவில் கற்கள். 1920-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் சண்டை போட்டு முடிவான அதே திட்டத்தின்படி வந்தவை.

அந்தச் சமத்துவக் கொள்கை எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் ஏராளமானோருக்கு உரிய நினைவுச் சின்னம் கிடைக்கவில்லை என்பதை, ஆணையம் அமைத்த குழுவே 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. என்ன சின்னம் என்பது இருக்கட்டும், முதலில் கல்லே இல்லை!

இப்போது...

அமெரிக்கப் பட்டியல் 39-ல் நிற்கவில்லை. வட ஐரோப்பியத் தொன்மக் கடவுளான தோரின் சுத்தியல் 2013-ல் சேர்ந்தது. இன்று 70-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. நம் 'ஓம்' வடிவமும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்கவும் வழி இருக்கிறது. இப்போது முக்கியமாகப் பார்ப்பது, இறந்தவர் மனதார நம்பியது அதுதானா என்பதை.

39-வது சின்னத்தால் சிலுவைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பக்கத்துக் கல்லில் இருப்பவரின் நம்பிக்கை குலையவும் இல்லை. பத்து வருடம் அரசு எதற்குப் பயந்ததோ, அது நடக்கவே இல்லை.

ஃபெர்ன்லி சுவரில் பேட்ரிக் ஸ்டீவர்ட்டின் தகடு இருக்கிறது. அவரோடு பறந்த சக வீரரின் தகடும் அங்கேயே இருக்கிறது. ஒரே ஹெலிகாப்டரில் போனவர்கள், ஒரே நாளில் இறந்தவர்கள், இப்போது ஒரே சுவரில் இருக்கிறார்கள். ரோபர்ட்டா கேட்டதும் அதைத்தான்.